ஊரில் குழுக் கடன், சிங்கப்பூரில் சம்பளம்: மகளிர் சுய உதவிக் குழு பற்றிய முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலருடைய வீட்டில் அம்மாவோ மனைவியோ அண்ணியோ ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். மாதம் ஒருமுறை போனில் “குழுவுக்கு டியூ கட்டணும்” என்று தகவல் வரும். நாமும் தேக்காவில் வரிசையில் நின்றோ கைபேசியில் தட்டியோ பணத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அது எந்தக் குழு, கடன் எவ்வளவு, வட்டி என்ன, எதற்காக வாங்கினார்கள் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது.

வீட்டுப் பெண்கள் புதிதாகக் குழு தொடங்க நினைத்தாலும் சரி, பல வருடமாகக் குழுவில் இருந்தாலும் சரி, இங்கிருந்தபடி நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுக் கடனின் தவணை, அந்தக் கடன் உண்டாக்கிய வருமானத்திலிருந்து போக வேண்டும். சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து போனால், அந்தக் கடன் தோற்றது யாருக்கும் தெரியவே தெரியாது. வங்கியில் “ஒழுங்காகக் கட்டுகிற குழு” என்று நல்ல பெயர் இருக்கும். வீட்டில் கறவை மாடும் இருக்காது, தையல் மெஷினும் ஓடாது. நல்ல பெயருக்குப் பரிசாக அடுத்த வருடம் இன்னும் பெரிய கடன் வரும்.

படி 1: எந்தக் குழு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஊரில் “குழு” என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் ஓடுகின்றன.

ஒன்று, மகளிர் சுய உதவிக் குழு. ஒரே தெருவிலோ பக்கத்துத் தெருக்களிலோ இருக்கும் 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து மாதாமாதம் சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுழற்றி, பிறகு குழுவின் பெயரில் வங்கிக் கடன் வாங்குவது. தமிழ்நாட்டில் இது 1989 இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய வேலை. 1992 இல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி இந்திய அளவில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98 இல் ‘மகளிர் திட்டம்’ வந்தது. இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் நடக்கிறது.

இன்னொன்று, மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி கூட்டும் குழு. இங்கே குழுவுக்கென்று சேமிப்பு கிடையாது. பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பார்கள். கடன் தனித்தனிப் பெயரில் வரும். வாரமோ பதினைந்து நாளோ மாதமோ ஒருமுறை ‘சென்டர் மீட்டிங்’ வைத்து கம்பெனி ஆள் வசூலித்துப் போவார். வங்கதேசத்தில் 1976 இல் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கி, 1983 இல் கிராமீன் வங்கியாக மாறி, 2006 இல் அமைதிக்கான நோபல் பரிசு வரைக்கும் போன முறையின் வழிவந்தது இது. தன்னளவில் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை வேறு.

வித்தியாசம் தெரிய வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். குழுவில் உன் பெயரில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது? தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கிறது? தவணை வாங்க ஆள் வருகிறாரா, நீங்கள் பாங்குக்குப் போகிறீர்களா? சேமிப்பு இல்லை, நோட்டு இல்லை, ஆள்தான் வருகிறார் என்றால் அது கம்பெனிக் குழு. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கும் வீடுகளும் நிறைய உண்டு. அதையும் கேட்டுவிடுங்கள், நீங்களாகக் கேட்காமல் சொல்லமாட்டார்கள்.

விலை வேறு என்றேன், கணக்கைப் பாருங்கள். ₹40,000 கடன், 24 மாதத் தவணை. சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன் போலக் குறையும் அசலுக்கு 7 சதவீதம் என்றால் மொத்த வட்டி ₹3,000-க்குள் அடங்கும். அதே கடன் கம்பெனியில் 24 சதவீதத்தில் ₹10,750-ஐத் தாண்டும். “வட்டி 12 பர்சென்ட்தாங்க” என்று யாராவது சொன்னால், அது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டியா என்று கேட்க வேண்டும். அப்படியானால் இதே கடனில் அது உண்மையில் 21.5 சதவீதத்தைத் தொடுகிறது.

படி 2: குழுவை அமைப்பது

சட்டப்படி 20 பேர் வரை உள்ள குழுவுக்குப் பதிவு தேவையில்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்று ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. அதன் மூலம் வாழ்வாதார இயக்கத்தில் சேர்வதுதான் நடைமுறை. வீட்டுக்கு ஒருவர்தான் சேரலாம். மாமியார், மருமகள், நாத்தனார் என்று ஒரே அடுப்படியிலிருந்து மூவரைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பினால், அந்த வீட்டில் ஒரு கஷ்டம் வரும்போது குழுவின் கால்வாசித் தவணை நின்றுபோகும்.

சேமிப்புத் தொகையைக் குழுவிலேயே கஷ்டப்படும் பெண்ணை வைத்து முடிவுசெய்ய வேண்டும். அவரால் ₹100 முடியும் என்றால் எல்லாருக்கும் ₹100. இங்கேதான் நம்முடைய வெளிநாட்டுப் பணம் முதல் கெடுதலைச் செய்யும். “நான் மாசம் ரெண்டாயிரம் அனுப்புறேன், நீ கூடுதலாப் போடு” என்று சொல்லாதீர்கள். ஒரு வீட்டின் பணம் மட்டும் பெருத்துவிட்டால் அந்த வீட்டின் பேச்சுதான் குழுவில் எடுபடும். மற்றவர்கள் கடன் கேட்கவே கூச்சப்படுவார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம்: ஸ்மார்ட்போன் இருக்கிறது, கொஞ்சம் படித்திருக்கிறார், வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதற்காகவே உங்கள் மனைவியை ஊக்குநராக, அதாவது குழுவை நடத்தும் தலைவியாக, போட்டுவிடுவார்கள். பொறுப்பு நல்லதுதான். ஆனால் குழுவின் நிர்வாகிகளான ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் மற்ற பெண்கள் கணக்கைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுவது நல்லது. சண்டை வந்தபின் எழுதினால் அது யாரையோ குறிவைத்து எழுதியது போலாகிவிடும்.

வங்கியில் குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்க எல்லா உறுப்பினர்களுடைய ஆவணங்களும் தேவையில்லை. நிர்வாகிகளுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தனி ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்கும்படி கணக்கு இருக்கவே கூடாது.

படி 3: வங்கிக்குப் போகும் முன் உள்கடன்

குழு தன் சேமிப்பிலிருந்து தன் உறுப்பினருக்கே கொடுப்பதுதான் உள்கடன். குழுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. பலர் இதைத் தாண்டிக் குதித்து நேரே பாங்க் லோனுக்குப் போகப் பார்ப்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

12 பேர், ஆளுக்கு ₹200 என்று வைத்துக்கொள்வோம். மாதம் ₹2,400. மூன்றாவது மாதக் கூட்டத்தில் பெட்டியிலும் வங்கியிலும் சேர்ந்து ₹7,200. ஒருவர் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ₹3,000 கேட்கிறார். இன்னொருவர் மருந்துச் செலவுக்கு ₹2,000. இருவருக்கும் கொடுக்கலாமா, எத்தனை தவணை, என்ன வட்டி என்று 12 பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். ரெண்டு வட்டி போட்டால், ₹3,000-க்கு முதல் மாதம் ₹60. வருடக் கணக்கில் அது 24 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அந்த ₹60 வெளியே போகவில்லை, கடன் வாங்கியவருக்கும் பங்குள்ள பெட்டிக்குத்தான் திரும்புகிறது. பத்து வட்டிக்குக் கொடுப்பவரிடம் போயிருந்தால் மாதம் ₹300 போயே போயிருக்கும்.

பணத்தைவிட முக்கியமானது அந்தப் பேச்சு. யார் சொன்ன தேதியில் கட்டுவார், யார் இழுத்தடிப்பார், யாருக்கு ஆடி மாதத்தில் கூலி வேலை இருக்காது என்பதெல்லாம் ₹2,000, ₹3,000 கடனிலேயே தெரிந்துபோகும். ₹1,50,000 வந்தபின் தெரிந்துகொள்வது ரொம்பச் செலவு பிடிக்கும் பாடம். மதுரைப் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளையை நினைவிருக்கிறதா? விருது கொடுக்கும் மேடையில் பிரதமர் வாஜ்பாயே அவர் காலைத் தொட்டு வணங்கினாரே, அதே அம்மாதான். 2019 இல் பத்மஸ்ரீயும் வந்தது. களஞ்சியம் என்ற சுய உதவிக் குழுக்களில் வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கூலிவேலைக்கு ஆள்சேர்த்துப் பேரம் பேசிப் பழகியவர். குழுவுக்கு அந்தப் பழக்கம்தான் முதல் மூலதனம்.

இன்னொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இதே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து நகரத்தார் பெட்டகத்தையும் பேரேட்டையும் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். வாங்குகிற ஆளின் குணமும் தொழிலும் தெரிந்துதான் கை நீட்டினார்கள். குழுவில் உட்காரும் பெண்களும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

படி 4: நோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான். பணம் அனுப்புவதைவிட இது மேல். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டின் பக்கத்தையும் ரொக்கப் புத்தகத்தின் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் பத்து நிமிடம் போதும். ஒரு நிபந்தனை: குழுவில் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் படம் எடுக்க வேண்டும். அதில் மற்ற பெண்களின் கடன் விவரமும் இருக்கிறது.

தீர்மான நோட்டில் தேதி, வந்தவர்கள் கையெழுத்து, சேமிப்பு, கேட்ட கடன், கொடுத்த கடன், காரணம், தவணை எல்லாம் இருக்க வேண்டும். “கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது” என்று மொட்டையாக ஒரு வரி மட்டும் இருந்தால் சரியில்லை. யாருக்கு, எதற்கு, எத்தனை மாதத்தில் என்று வேண்டும்.

ரொக்கப் புத்தகம் இப்படி இருக்கும்:

முன்னிருப்பு ₹850. சேமிப்பு வரவு ₹2,400. கடன் தவணை வரவு ₹1,000. வட்டி வரவு ₹120. ஆக மொத்தம் ₹4,370.
புதுக் கடன் கொடுத்தது ₹4,000. நோட்டு, பேனா ₹40. ஆகச் செலவு ₹4,040. மீதி ₹330.

அந்த ₹330 பெட்டியில் இருக்கிறதா என்று அன்றைக்கே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாத முன்னிருப்பு அதே ₹330-இல் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை என்றால் இடையில் யாரோ கைமாற்று வாங்கியிருக்கிறார்கள்.

பழகிய கண்ணுக்கு இன்னும் சில விஷயங்கள் தட்டுப்படும். கூட்டத்துக்கு 9 பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், சேமிப்பு மட்டும் 12 பேருக்கும் முழுசாக வந்திருக்கிறது. வராத மூன்று பேருக்கு யார் கட்டினார்? ஒரே பேனா, ஒரே கையெழுத்து நடை, நான்கு மாதப் பக்கங்கள்: ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாள் உட்கார்ந்து எழுதியது. ஒரே பெயர் மூன்று கடனில் திரும்பத் திரும்ப வருகிறது, அவர் முந்தைய கடனை முடித்த பதிவைக் காணோம். இதையெல்லாம் பார்த்தவுடன் நீங்கள் ஊக்குநருக்கு நேரே போன் போட்டுக் கத்த வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் கேட்கட்டும். அது அவர்களுடைய குழு.

படி 5: வங்கிக் கடன்

குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவை மதிப்பீடு செய்து தரம் பிரிப்பார்கள். பார்ப்பது ஐந்து விஷயம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் சுழற்சி, சரியான திருப்பிச் செலுத்தல், சரியான கணக்கு. பஞ்ச சூத்திரம் என்று பெயர். தேறிய குழுவுக்குச் சுழல் நிதி, அதாவது உள்கடனாகச் சுழற்றத் தரும் தொகை, கிடைக்கும். வங்கிக் கடனுக்கும் தகுதி வரும்.

ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல (சேமிப்பும் வட்டி வரவும் சேர்ந்தது) 6 மடங்கு அல்லது ₹1,50,000, இதில் எது அதிகமோ அது. இரண்டாவது, 8 மடங்கு அல்லது ₹3,00,000. மூன்றாவது ₹6,00,000 முதல், குழு தயாரிக்கும் கடன் திட்டத்தைப் பார்த்து. ₹3,00,000 வரை வட்டி 7 சதவீதம். ₹10,00,000 வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கக் கூடாது, கடன் தருவதற்கு டெபாசிட் போடச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரியை வீட்டில் இரண்டு முறை சொல்லி வையுங்கள். “அம்பதாயிரம் எஃப்.டி. போட்டாத்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவாரு” என்று யாராவது சொன்னால் அது விதியில் இல்லாதது.

₹1,50,000 கடன், 7 சதவீதம், 24 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய ₹6,716. மொத்த வட்டி ₹11,200 அளவில். கிராமத்துப் பெண்ணுக்கு ஜாமீன் இல்லாமல் இந்த வட்டிக்குக் கடன் கிடைக்க வேறு வழி அபூர்வம்.

நல்ல கடன் கெட்டுப்போவது பெரும்பாலும் பிரிக்கும்போதுதான். போன் இப்படி வரும்:

“ஏங்க, குழுவுல ஒன்றரை லட்சம் லோன் வந்துருக்கு. ஆளுக்குப் பன்னண்டாயிரத்து ஐந்நூறு பிரிச்சுக் குடுக்குறாங்க. வாங்கிக்கவா?”

“எதுக்கு வாங்குற?”

“எல்லாரும் வாங்குறாங்க. நான் மட்டும் வேணாம்னு சொன்னா என்ன நினைப்பாங்க? நீங்கதான் மாசம் அனுப்புறீங்கல்ல, அதுல கட்டிக்கலாம்.”

சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் ₹12,500-இல் மாடும் வராது, மெஷினும் கடையும் சேர்ந்தும் வராது. மளிகை பாக்கியும் காதுகுத்துச் செய்முறையும்தான் தீரும். ஒருவருக்கு ₹45,000, இன்னொருவருக்கு ₹30,000, நான்கு பேருக்கு இந்த முறை ஒன்றுமில்லை என்று கூட்டத்தில் பேசிப் பிரிப்பதற்குப் பெயர்தான் கடன் திட்டம். சிங்கப்பூர் வருமானம் உள்ள வீடு “எங்களுக்கு இந்தத் தடவை வேணாம், அவங்களுக்குக் குடுங்க” என்று சொன்னாலே பிரிப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

படி 6: எதற்குக் கடன்

தவணை மாதாமாதம். வருமானம் எப்போது? இதை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பார்த்தாலே பல திட்டங்கள் விழுந்துவிடும்.

ஆடு வாங்குகிறார்கள். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி பிறந்து விற்கிற பருவத்துக்கு வர இன்னும் ஆறு மாதமாவது வேண்டும். தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். கையில் வேறு வரும்படி இல்லாத வீடு, முதல் வருடத்தை எப்படி ஓட்டும்? சிங்கப்பூர்ப் பணத்தில். அப்போது ஆடு வளர்ப்பது லாபமா நஷ்டமா என்றே கணக்கில் வராது. ஆடு வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்கடனில், தவணையை ஈத்துக்கு ஏற்றபடி வைத்து, இரண்டு ஆட்டில் தொடங்கலாம். அதற்கு வளைந்துகொடுக்கக் குழுவால் முடியும், வங்கித் தவணையால் முடியாது.

கறவை மாடு பரவாயில்லை. பால் பணம் தொடர்ந்து வரும். ஆனால் மறுகன்றுக்கு முன் பால் வற்றும் இரண்டு மாதத்துக்குத் தீவனச் செலவு மட்டும்தான். கறக்கும் மாதங்களிலேயே அந்த இரண்டு தவணைக்கும் சேர்த்து எடுத்துவைக்கிற வீடு தப்பிக்கும். தையல், இட்லிமாவு, சிறு மளிகை போன்றவை ஏற்கெனவே கொஞ்சம் நடந்துகொண்டிருந்தால் பெருக்கக் கடன் வாங்கலாம். கடன் கிடைக்கிறதே என்பதற்காகத் தொடங்க வேண்டாம். இது வெறும் அபிப்பிராயம் இல்லை. பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஹைதராபாத்தில் மைக்ரோ கடனை வைத்துச் செய்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. கடன் கிடைத்த பகுதிகளில் குடும்பங்களின் செலவழிக்கும் சக்தி பொதுவாக உயரவில்லை. ஏற்கெனவே தொழில் செய்து, அதை நன்றாக நடத்திக்கொண்டிருந்த சிலருக்கே லாபம் கூடியது. சின்னக் கடன் கிடைத்தாலே வறுமை ஓடிவிடும் என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லலாம். சேமிப்பு, அவசரத்துக்குக் கைமாற்று, பேசும் தைரியம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பதால்தான் சுய உதவிக் குழுவை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

இனி நம்முடைய சொந்தச் சங்கடம். ஏஜென்ட் பணம். தம்பியையோ மச்சானையோ சிங்கப்பூருக்கு அனுப்ப, அக்காவும் அம்மாவும் ஆளுக்கொரு குழுவில் கடன் எடுத்துக் கொடுப்பது ஊரில் சர்வ சாதாரணம். காகிதத்தில் “மாடு வாங்க” என்று இருக்கும். நான் வேண்டாம் என்பேன். பெர்மிட் வந்து, விமானம் ஏறி, முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் மூன்று நான்கு தவணை போய்விடும். வேலை நின்று திரும்பி வந்துவிட்டால் அந்த அக்கா ஒருத்தி மட்டும் மாட்டமாட்டார். கூட இருக்கிற பதினொரு பெண்களும் சேர்ந்து சுமக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி இங்குள்ள ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிற பணம் எங்கே போகிறது என்று கேட்காமல் குழுப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

படி 7: இங்கிருந்து பணம் போகும் வழி

அனுப்பும் பணம் உங்கள் அம்மா அல்லது மனைவியின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். குழுவின் கணக்குக்கு நேரே அனுப்பாதீர்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இது கட்டாயம்: இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் பணத்தை வெளிநாட்டுப் பணமாகத்தான் பார்க்கும், அனுமதி பெறாத அமைப்பு அதை வாங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தச் சட்டத்தில் வராது. இருந்தாலும், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று குழுவின் நிதிக்குள் வெளிப்பணத்தைக் கொட்டாதீர்கள்; கூட்டத்தில் பேசிப் பேசி ஏற்படுத்திய ஒழுங்கு போய்விடும்.

2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ இரண்டும் இணைந்திருப்பதால் சிறு தொகைகளை உடனுக்குடன் அனுப்பலாம். வேறு வழி என்றால் உரிமம் பெற்ற பணப்பரிமாற்றக் கடைதான்.

டார்மிட்டரியிலும் நாமே ஒரு குழு போட்டு வட்டிக்குவிட்டால் என்ன என்ற யோசனை அவ்வப்போது யாருக்காவது வரும். வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பது குற்றம். சீட்டுத் தொழிலுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. ஊர்த் தவணைக்காக இங்கே கடன் வாங்குவதும் தற்கொலைதான்: உரிமம் பெற்ற கடனளிப்பவரே மாதம் 4 சதவீதம் வரை வட்டியும், அசலில் 10 சதவீதம் வரை கட்டணமும் வாங்கலாம். 7 சதவீத வருட வட்டிக் கடனை அடைக்க மாதம் 4 சதவீதத்துக்கு வாங்குவதா?

படி 8: கம்பெனிக் கடன் ஏற்கெனவே இருந்தால்

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் இவை. ஆண்டு வருமானம் ₹3,00,000 வரை உள்ள குடும்பத்துக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் தருவதுதான் மைக்ரோ கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய விவரத்தாள் தர வேண்டும். கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்து கேட்கக் கூடாது.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். நீங்கள் இங்கே சம்பாதிப்பதும் அந்த வருமானத்தில் சேரும். மாதம் ₹25,000-க்கு மேல் போனாலே உங்கள் வீடு அந்த வரம்பைத் தாண்டியது. படிவத்தில் “கூலி, மாதம் ₹15,000” என்று யாராவது எழுதி மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பொய்யில் அவர் பெயர்தான் இருக்கிறது.

தவணைக்காக இன்னொரு கம்பெனியில் கடன் எடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், சிங்கப்பூர்ப் பணத்தை உபயோகிக்க அதுதான் சரியான இடம். அதிக வட்டி உள்ள கடனை மொத்தமாக அடைத்து, கணக்கை முடித்ததற்கான கடிதம் வாங்கிவிடுங்கள். இதைத் தவணை தவணையாகச் செய்யாதீர்கள். ஆந்திராவில் 2010 இல் கடன்மேல் கடனும் வசூல் நெருக்கடியும் முற்றித்தான் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வசூலில் மிரட்டல் இருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448. கந்துவட்டிக்காரர் என்றால் 2003 ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

படி 9: குழு தடுமாறும்போது

ஒருவர் தவணை கட்டவில்லை என்றால் முதல் மாதமே கூட்டத்தில் பேச வேண்டும். உண்மையான கஷ்டம் என்றால் உள்நிதியிலிருந்து அந்தத் தவணையைப் போட்டு, அதை அவருடைய உள்கடனாக எழுதிக்கொள்ளலாம். ஊர் நியாயத்துக்காக உங்கள் வீட்டுப் பெண் தன் கையிலிருந்து சத்தமில்லாமல் கட்டிவிட்டால் மூன்றாவது மாதம் இன்னும் இரண்டு பேர் கட்டமாட்டார்கள்; சிங்கப்பூர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றாகிவிடும்.

தேர்தல் நெருங்கினால் தள்ளுபடிப் பேச்சு கிளம்பும். 2021 மார்ச் 31 நிலவரப்படி கூட்டுறவு வங்கிகளில் நிலுவையில் இருந்த குழுக் கடன்களைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது உண்மைதான். அதை நம்பி மற்ற வங்கிகளில் தவணையை நிறுத்தினால் வட்டிச் சலுகையும் போகும், அடுத்த கடனும் போகும்.

விலக விரும்பும் உறுப்பினருக்கு, அவருடைய கடன் பாக்கியைக் கழித்து மீதிச் சேமிப்பையும் வட்டிப் பங்கையும் கொடுக்க வேண்டும். எப்படிக் கணக்கிடுவது என்பதைக் குழு நன்றாக நடக்கும்போதே தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். நீங்கள் அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.